ஆளுக்கு ஒரு அடி

கொத்தலூருணியில் இன்றைக்கும் யாராவது யாரையாவது அடிக்கக் கை ஓங்கினால், ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, தலையை மட்டும் திருப்பிப் பஜார் நடுவில் நிற்கும் பஞ்சாயத்து ரேடியோக் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் அடிப்பதா, தலையைச் சொறிவதா என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் சொறிந்துகொண்டு போய்விடுகிறார்கள். நம்பாதவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். பார்க்கப் போன இடத்தில் யாரையும் அடித்துப் பார்க்க வேண்டாம்.

அந்தக் கம்பத்தின் உச்சியில் ஊமத்தம்பூ மாதிரி இரண்டு குழாய்கள் இருந்து, காலையில் செய்தியும் சாயங்காலம் உர விளம்பரமும் ஊருக்கே ஓதின காலம் ஒன்று உண்டு. ரேடியோ செத்த பிறகு கம்பத்துக்கு வேறு உத்தியோகம் கொடுத்தார்கள். திருடனைப் பிடித்தால் அதில் கட்டுவது. கட்டினால் அதற்கொரு சட்டம்: ஆளுக்கு ஒரு அடி. இரண்டாவது அடி கிடையாது. ஒரு அடி அடித்தவன் கொலைகாரன் ஆகமாட்டான், அடிக்காமல் போனவன் திருடனுக்குக் கூட்டாளி. கடைசி அடி திருடனுடைய வீட்டாருக்கு. அதற்கு வீட்டடி என்று பெயர். அது விழுந்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். இப்படிப் பாவத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பிவிட்டால், எந்த வீட்டிலும் அது நாறாது என்பது ஊரின் கணிப்பு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அதில் கட்டப்பட்டவன் சீனிராஜ். இருபத்துமூன்று வயது. வானத்தில் போகிற விமானமும் கடலில் போகிற கப்பலும் பேசிக்கொள்வதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கேட்கலாம் என்று கட்டைவிரல் அளவுள்ள ஒரு குச்சியைத் தபாலில் வரவழைத்து, வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு ஆண்டெனாக் கம்பி கட்டுவதற்காகப் பட்டப்பகலில் கம்பத்தில் ஏறினான். ஊரில் உயரமானது அது ஒன்றுதான். ஏறியவன் உச்சியிலிருந்து, "என்னங்கடே, மேல பழைய செம்புக் கம்பி ஒரு முழம்கூட இல்ல! எவன் தின்னான்?" என்று கேட்டான். கேட்டிருக்க வேண்டாம். கீழே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த தவசிலிங்கம், "எவன் தின்னானா? நீதாம்லே திங்கிற. கம்பியோட பிடிங்கடா கள்ளப்பயல!" என்று கத்தினார். ஊரில் செம்பை எடைக்கு எடுப்பவரும் விற்பவரும் அவர் ஒருத்தர்தான். அவர் சொன்னால் செம்பு விஷயத்தில் மறு பேச்சு இல்லை.

இருநூற்றுப் பதின்மூன்று பேர் அடித்தார்கள். டீக்கடைக் கருத்தப்பாண்டி முதல் ஆள், டீ ஆற்றின கையோடு வந்து அடித்தான். பல் போனது, காது கிழிந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது, மூக்கு எந்தப் பக்கம் இருந்ததென்றே தெரியாமல் போனது. ஒவ்வொருவரும் ஒன்றுதான் அடித்தார்கள். இருநூற்றுப் பதினான்காவது, வீட்டடி. அவனுக்கு வீடு என்றிருந்தது அக்கா வெயிலுகந்தாள், சுருக்கமாக வெயிலா, ஒருத்திதான்; தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு டைப் செய்கிறவள். "அடி தாயி, நீ அடிச்சாத்தான் நான் அவுக்க முடியும்" என்று கம்பத்துக்குப் பின்னால் முடிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார் தவசிலிங்கம். வெயிலா வலது கையைத் தூக்கித் தம்பியின் கன்னத்தில் வைத்தாள். வைத்தாளா, அடித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தலை அவள் உள்ளங்கைக்குள் பொத்தென்று விழுந்தது. எழவே இல்லை.

போலீஸ் வந்து இருநூற்றுப் பதினான்கு பேரையும் விசாரித்தது. "நான் ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்றார்கள் அத்தனை பேரும். எல்லாம் உண்மை. உண்மையே இருநூற்றுப் பதினான்கு இருந்தால் எந்தக் கேஸ் நிற்கும்? ஊர் மட்டும் தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டது: "என்ன இருந்தாலும் பய வீட்டடியிலதான போனான்." அன்றிலிருந்து வெயிலா வலது கையால் ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை. மனுக்களை இடது கையால் மட்டும் டைப் செய்தாள். வாதம் என்று ஊர் நினைத்தது. ராத்திரி பகல் அவளுக்கு ஒரே கேள்வி: கடைசியாக விழுந்தது என் கையா? என் கைதான் அவனை முடித்ததா?

ஏழாம் வருஷம் கேஸை மூடி, வழக்குச் சொத்து என்று ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே தம்பியின் கம்ப்யூட்டர், அந்தக் குச்சி, ஒரு நோட்டு. அவன் கட்டின ஆண்டெனாக் கம்பியை மட்டும் யாரும் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எந்தக் கம்பிக்காக ஆளைக் கொன்றார்களோ அந்தக் கம்பி, கம்பத்து உச்சியிலிருந்து வெயிலாவின் ஜன்னல் வரைக்கும் ஏழு வருஷமாக ஊர் பார்க்கத் தொங்கியது. அதன் தாழ்ந்த பக்கத்தில் அவள் பாவாடை உலர்த்தினாள்.

நோட்டில் சீனிராஜ் எழுதியிருந்தான்: "யக்கா, நான் வெளியூர் வேலைக்குப் போனாலும் நீயே ஓட்டணும்னு எழுதி வைக்கேன். குச்சியச் சொருகினதும் கம்ப்யூட்டர் தானா ஒரு டிரைவரை மாட்டும். அது டி.வி. பாக்கறதுக்கு. நம்பாத. அதத் தள்ளிட்டு நான் வச்சிருக்க டிரைவரை மாட்டு. பட்டியல்ல ஒரே பேரு ரெண்டு தரம் வரும். சைபர்ல முடியறத எடு. ஒண்ணுல முடியறத எடுத்தா சும்மா மொறச்சிக்கிட்டு நிக்கும், நம்ம சித்தப்பா மாதிரி. அப்புறம் சாஃப்ட்வேரத் திற. மேல கோடு துடிக்கும், கீழ நீலமா அருவி வழியும். அருவியில எங்க மஞ்சக் கோடு தெரியுதோ அங்க யாரோ பேசுதாங்க. மவுச அதுமேல வச்சு ஒரு தட்டு, அம்புட்டுதான். கெயின்னு ஒரு பொத்தான் இருக்கும், வர்ற சத்தத்தப் பெருசாக்கும். அத ஏத்தாத, வந்தது வந்தபடி கேக்கட்டும். ஒரு நேரத்துக்கு வானத்துல ஒரு சாண்தான் தெரியும், அதுக்கு அங்கிட்டும் வானம் இருக்கு, மறந்துராத. தவசிலிங்கம் அண்ணாச்சி கடையில மோட்டார் ஓடுனா கோட்டுக்குப் பக்கத்துல ஏணிப்படி மாதிரி விழும். அது அவரு இரைச்சல், கண்டுக்காத."

வெயிலா இடது கையாலேயே எல்லாம் செய்தாள். சித்தப்பாவை ஒருமுறை தவறாக எடுத்து, அது முறைத்துக்கொண்டு நிற்க, மறுபடி சைபரை எடுத்தாள். உலர்த்தியிருந்த பாவாடையை உருவிப் போட்டுவிட்டுக் கம்பியின் நுனியைச் சீவிக் குச்சியில் மாட்டினாள். சாயங்காலம் நாலு மணி. அருவி வழிந்தது. மழைக்கு முந்தின காற்று மாதிரி ஒரு இரைச்சல். அதில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக, மஞ்சள் கோடுகள். இடது ஓரத்து முதல் கோட்டில் மவுசை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

ஸ்பீக்கரில் பளார் என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். கோடு மறைந்தது. அதே நொடியில் பஜாரில், டீ ஆற்றிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டியின் முகம் வலது பக்கமாகத் திரும்பி, டீ ஒரு முழ நீளத்துக்கு அந்தரத்தில் நின்று, பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மடியில் விழுந்தது. "எவம்லே அது?" என்று அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. தன் விரல்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. வெயிலாவுக்குத் தெரிந்தது. அந்தச் சத்தத்தை, அந்த வரிசையை, அன்றைக்குக் கம்பத்தடியில் நின்று ஒன்று விடாமல் கேட்டவள் அவள். இரண்டாவது கோட்டைத் தட்டினாள். தையல்கார மாரிக்கண்ணு வாயிலிருந்த ஊசியோடு மிஷின் மேல் கவிழ்ந்தான்.

மூன்று நாளில் இருபது பேர் விழுந்தார்கள். முனி அடித்தது என்று சேவல் அறுத்தார்கள்; சேவல் அறுத்தவன் தாடையிலேயே அடுத்தது விழுந்தது. அன்றைக்குச் சீனிராஜைக் காதோடு சேர்த்து அடித்தவனுக்குக் காதில், மூக்கில் குத்தினவனுக்கு மூக்கில், அடிவயிற்றில் உதைத்தவனுக்கு அடிவயிற்றில் என்று விழ விழ ஊருக்குப் புரிந்தது. புரிந்ததும், கம்பத்துக் கம்பி எந்த ஜன்னலுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, கடப்பாரையோடு வெயிலா வீட்டுக்கு வந்தது. கதவு பிளந்தது, ஜன்னல் பிளந்தது. முன்னால் பாய்ந்த ஒருத்தன் அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிய, இடது கையால் தடவித் தடவி மவுசைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். பிடித்தவன் இரண்டு முன்பல்லையும் தானே தன் உள்ளங்கையில் துப்பிவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது வீங்கின வாயோடு மாரிக்கண்ணு சொன்னான்: "ஏய், நிறுத்துங்கடே. எனக்கு விழுந்து இன்னைக்கு மூணு நாளாச்சு. ஏழு வருசத்துல இந்த மூணு நாளுதான் நல்லாத் தூங்கியிருக்கேன். ஒண்ணு குடுத்தோம், ஒண்ணு வாங்கிட்டுப் போவோம். இதுல என்னத்துக்குக் கடப்பாரை?"

கூட்டம் யோசித்தது. யோசிக்க யோசிக்க முகங்கள் தெளிந்தன. ஒரே ஒரு அடி, அதுவும் தான் அடித்த அளவுக்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது, வாங்கிவிட்டால் தீர்ந்தது. இதைவிட மலிவாக எந்தக் கோயிலில் பாவம் தீரும்? முதலில் கைதட்டினவர் தவசிலிங்கம். மறுநாளே அவர் செலவில் பந்தல் விழுந்தது. டோக்கன் போட்டார். பிளாஸ்டிக் சேர் ஒன்றை ஜன்னலுக்கு எதிரே போட்டு, வாங்குகிறவருக்கு ஒரு மாலை, வாங்கி முடித்ததும் கன்னத்தில் மஞ்சள் பற்று, ஒரு சோடா. ஏழாம் டோக்கன் அவருடையது; அவர் அன்றைக்கு ஏழாவதாக அடித்தவர். ஏழாம் கோடு முதல்நாளே தட்டுப்படாமல் எப்படித் தப்பியது என்று கேட்டால், அதன் பக்கத்தில் ஏணிப்படி மாதிரி அலங்கோலமாக இருந்ததால் வெயிலா அதை இரைச்சல் என்று தள்ளிப் போயிருந்தாள். அவரே வந்து சேரில் உட்கார்ந்து, வேட்டியை ஒழுங்குபடுத்தி, "போடு தாயி" என்றார். பளார். மாலை அறுந்து பூ சிதறியது. எழுந்து நின்று ஊரைக் கும்பிட்டார். விசில் பறந்தது.

பிறகு அது திருவிழாவாகிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து தனி வேன் பிடித்து வந்தார்கள். வர முடியாதவர்களுக்கு இருக்கிற இடத்திலேயே விழுந்தது. மஸ்கட்டில் கிரேன் ஓட்டினவன் ஒருத்தன் இருபது மாடி உயரத்தில் தனியாக அடி வாங்கினதைப் பார்த்து, இரும்பு மாதிரி இருந்த அரபி முதலாளியே பயந்து லீவு கொடுத்தார். நடுவில் செத்துப்போனவர்களுக்கு, வீட்டில் மாட்டியிருந்த படத்தில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. படம் மாட்டாத வீடுகளில் அவர்கள் உட்காரும் நாற்காலி கவிழ்ந்தது. "நான் விட்ட அறையிலதான் அவனுக்குப் பூமி சுத்துச்சு" என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மீசைக்காரருக்கு, ஈ விரட்டுகிற மாதிரி ஒன்று விழுந்தது. அவர் அன்றோடு மீசையை எடுத்துவிட்டார். "நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்று பெண்டாட்டி தலையில் சத்தியம் செய்திருந்தவர் பந்திச் சாப்பாட்டின் நடுவே இலையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். பெண் பார்க்க வந்தவர்கள், "மாப்பிள்ளை வாங்கிட்டாரா?" என்று கேட்டார்கள். வாங்கினவர்கள் வீங்கின கன்னத்தை ஒருத்தருக்கொருத்தர் காட்டி, "பாரும்வே, எம்புட்டு லேசாயிருக்கு!" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

வெயிலாவுக்கு அந்தச் சிரிப்பு ஆகவில்லை. கம்பத்தடியில் ஒருத்தன்மேல் விழுந்த இருநூற்றுப் பதினான்கும் சேர்ந்து ஒரு சாவு. அதைப் பிய்த்துப் பிய்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் பந்தல், சோடா, பல்வலி. கெயினை ஏற்றிவிடலாமா என்று எத்தனையோ தரம் விரல் போயிற்று. ஏற்றினால் தாடை கழன்றுபோகும். வந்தது வந்தபடி என்று தம்பி எழுதியிருந்தான். விட்டுவிட்டாள்.

இருநூற்றுப் பதின்மூன்றும் முடிந்த நாள் மத்தியானம், எல்லோரையும் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். வலது ஓரத்தில், விளிம்பை ஒட்டி, ஒரே ஒரு கோடு மிச்சம். அது அவளுடையது. கொன்ற அடி அதுதான் என்றால் இப்போது அது அவளைக் கொல்லும். கொல்லட்டும் என்றுதான் காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இடது கையால் தட்டினாள்.

ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. கன்னத்தில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சூடு பார்க்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரு நொடி இருந்து, போய்விட்டது. அவள் ஏழு வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. நான் கொல்லவில்லை, சரி. அவன் தலை ஏன் அப்படி விழுந்தது?

'அதுக்கு அங்கிட்டும் வானம் இருக்கு, மறந்துராத' என்று தம்பி எழுதியிருந்தான்.

திரையை வலது பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தினாள். விளிம்புக்கு அந்தப் பக்கமிருந்து, இதுவரைக்கும் பார்த்த எந்தக் கோட்டையும்போல மஞ்சளாக இல்லாமல், பழுக்கக் காய்ச்சின இரும்பு மாதிரிச் சிவப்பாக, நாலு கோடு அகலத்துக்கு ஒரே கோடு உள்ளே வந்தது. இருநூற்றுப் பதினைந்து. அதன் இரண்டு பக்கமும் படி படியாக ஏணி.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் தவசிலிங்கம்தான். கையில் சோடா. கன்னத்தில் பழைய மஞ்சள்.

"முடிஞ்சிருச்சா தாயி? வெளிய எல்லாரும் காத்துக்கிட்டிருக்காக. உன் கையையும் கழுவியாச்சு. இனி அந்தக் கம்பத்த அறுத்துப்புட்டு, சீனிக்கு ஒரு படம் திறந்துருவோம். செலவு எம் பொறுப்பு."

"ஒரு விசயம் கேக்கணும் அண்ணாச்சி. மோட்டார் கட்டும்போது செம்பு நசுங்கிறாம உக்கார வைக்க மரச் சுத்தியல் ஒண்ணு வச்சிருப்பீகள்ல, அதுல அடிச்சா மேல காயம் தெரியுமா?"

"எதுல?"

"மண்டையில."

தவசிலிங்கம் சிரித்தார். "என்ன தாயி பேச்சு இது? நான் எத்தனை அடிச்சேன்னு ஊருக்கே தெரியும். ஒண்ணு. ஏழாவது ஆளு. இதே சேர்ல வாங்கிட்டுப் போயிருக்கேன்."

"முடிச்ச அவுக்கப் பின்னால நின்னீகளே."

"அவுக்கத்தான நின்னேன்!"

சொல்லும்போதே அவர் இடது கை, அவரைக் கேட்காமலே, எழுந்து போய்த் தன் காதுக்குப் பின்னால் இருக்கிற குழியைப் பொத்திக்கொண்டது. அவள் கேட்காத இடம் அது. கை போன இடத்தை இருவரும் பார்த்தார்கள். பிறகு அவர் திரையைப் பார்த்தார். ஏணியையும் பார்த்தார்.

"அவன் கம்பத்து மேல இருந்து கேட்டானே, செம்ப எவன் தின்னான்னு," என்றார், குரல் இறங்கி. "அவுத்து விட்டா மறுபடியும் கேட்டிருப்பான் தாயி. அவன் கேக்கிற பய."

"ஆமா. கேக்கிற பயதான்."

சோடாப் பாட்டிலை மேஜை விளிம்பில் உடைத்துக்கொண்டு அவர் பாய்ந்தார். முதல் வீச்சு அவள் தோளைக் கிழித்தது. இரண்டாவது மானிட்டரைக் குறிவைத்து வந்தது. அவள் குறுக்கே விழுந்து அதை முதுகில் வாங்கினாள். இடது கை அவர் காலுக்கடியில் மாட்டிக்கொண்டது, எலும்பு நெரிகிற சத்தம் கேட்டது. மிச்சம் இருந்தது வலது கைதான். ஏழு வருஷமாக ஒரு கொசுவையும் அடிக்காத அந்தக் கை எழுந்து, மவுசை எடுத்து, சிவப்புக் கோட்டின்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டியது. கெயினை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வந்தது வந்தபடி.

பளார் இல்லை. டொக் என்றது. முற்றின தேங்காயைக் கல்லில் வைத்துத் தட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

தவசிலிங்கத்தின் தலை முன்னால் தொங்கியது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடி வந்து பார்த்தபோது, அவர் முழங்காலில் நின்றவாக்கில் செத்திருந்தார். வெளிக்காயம் ஒன்றும் இல்லை. வெயிலாதான் உடம்பெல்லாம் ரத்தமாக இருந்தாள்.

ஊர் செத்தவரைப் பார்த்தது, காலியான திரையைப் பார்த்தது, இதுவரை விழுந்ததை எண்ணியது. இருநூற்றுப் பதினான்கு பேர். இருநூற்றுப் பதினைந்து அடி. மாரிக்கண்ணுதான் முதலில் வாய் திறந்தான்: "அப்போ அண்ணாச்சிக்கு இது ரெண்டாவது..." கருத்தப்பாண்டி, தன் கன்னத்து மஞ்சளை யாரும் பார்க்காமல் தோள் துண்டால் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துடைத்தார்கள். தீர்ந்துபோனது என்று நினைத்தது தீரவில்லை என்பதுபோல் இருந்தது அது. யாரும் சோடா குடிக்கவில்லை.

போலீஸ் வந்தது. புது இன்ஸ்பெக்டர், பழைய கேள்வி. ஊரை வரிசையாக நிறுத்தி விசாரித்தார். "தெரியாது சார், சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்" என்றார்கள் அத்தனை பேரும். எல்லாம் உண்மை. கடைசியில் கட்டுப் போட்ட வெயிலாவிடம் வந்தார்.

"நீ என்னம்மா செஞ்ச?"

"நான் ஒண்ணே ஒண்ணுதான் சார்," என்றாள் வெயிலா, வலது சுட்டுவிரலைக் காட்டி. "ஒரு தட்டு. மவுசு மேல."

மவுசில் தட்டினதற்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது? அவர் எழுதிக்கொண்டு, கம்ப்யூட்டரை வழக்குச் சொத்தாக எடுக்கச் சொன்னார். ஏட்டு ஒயரைப் பிடுங்கப் போனபோது வெயிலா திரையை ஒருமுறை பார்த்தாள். காலியாக வழிந்த நீல அருவியில், வலது ஓரத்துக்கும் அப்பால் இருந்த இடத்தில், இப்போதுதான் பிறந்த கன்றின் நாக்கு மாதிரி மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏணி இல்லை. யாருடையது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாக்கில் போட்டுத் தைத்து அரக்கு வைத்தார்கள். ஏட்டு தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது வெயிலா கூப்பிட்டாள்.

"ஏட்டையா, என்னைக்காவது இந்தச் சாக்கப் பிரிச்சா, வலது கடைசிக் கோட்ட எனக்குச் சொல்லாமத் தட்டச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிற மாட்டேன். தாலுகா ஆபீஸ் வாசல், வேப்பமரத்துக்கு அங்கிட்டு மூணாவது மேஜை."

இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள், இரண்டு கையாலும் டைப் செய்கிறாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மனுக்காரர்கள் வாய் திறப்பதற்குள் பாதி அடித்துவிடுவாள். காதுக்குப் பின்னால் காற்றுப் படும்படி, கூந்தலை மட்டும் எப்போதும் தூக்கிக் கட்டியிருப்பாள்.